ஷேர் ஆட்டோவில் பேசியவன் நூலகத்தில் ஏன் ஓடினான்? – ஏழைப் பிள்ளைகளும் ‘பழகத் தெரியாது’ என்ற பேச்சும்

ஏழாவது மாடி (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கிறேன். முன்பு கூவம் கரையில் இருந்தோம். 2021 கடைசியில் அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலை 5 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், 20 பிள்ளைகள், எனக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் மையம் இப்போது கணக்கில் இல்லை. ஆனால் பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை, நானும் கதவைச் சாத்தவில்லை.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் இறங்கியதும் டிரைவர் மீதி ஐந்து ரூபாயைத் தராமல் கிளம்பப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, ஆறு பேரு, பத்து பத்து அறுபது. அக்கா நூறு குடுத்தாங்க. நீங்க முப்பத்தஞ்சுதான் குடுத்தீங்க” என்றான். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. டிரைவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதே பையன் நூலக மேசைக்கு முன்னால் நிற்கிறான். அவனுக்கு மண்புழு பற்றிப் புத்தகம் வேண்டும். பெயின்ட் வாளியில் மண் போட்டு ஒரு மாதமாகப் புழு வளர்க்கிறான், வாரம் முழுக்க அதே பேச்சு. மேசையில் இருந்தவர் நிமிர்ந்து “என்ன வேணும்?” என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். பையன் என்னைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான், திரும்பி வாசலுக்கு ஓடிவிட்டான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அடிதடி. ஒரு பென்சில் உருண்டு போனால் போதும், இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை பேசும் கெட்ட வார்த்தையைக் கேட்டால் கை கால் நடுங்குகிறது. பள்ளியில் ஒரு ஆசிரியர் என் முகத்துக்கு நேராகவே, “உங்க ஏரியா பசங்களுக்கு நாலு பேரோட பழகத் தெரியாதும்மா” என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

உண்மையிலேயே தெரியாதா? எனக்குக் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் | சனி, இரவு 10:45

அம்மா, நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். அந்த ஆசிரியர் சொன்னதைப் படித்ததும் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், 1990களில் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கல் உடைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பார்கள். கேட்டால் பேசமாட்டார்கள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அதை மாற்றியது செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. எம்.பி. விஜயகுமார் ஐஏஎஸ் முன்னின்று கொண்டுவந்தார். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் கிராமப் பள்ளிகளில் நடத்திக்கொண்டிருந்ததுதான் அதற்கு மூலம். பெஞ்சு போனது, பாய் வந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ஒரே அறையில் கலந்து உட்கார்ந்தார்கள். அட்டையை எடுத்துத் தானே படிப்பது, முடிந்ததும் அடுத்த அட்டை. வருகைப் பதிவையும் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை, இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா என்று நினைத்தேன்.

சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை அடித்திருந்தோம், ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு சொல் பேசியதில்லை. அவள் தன் கட்டத்தில் தினமும் ஒரு கோழி வரைவாள். ஒரு நாள் கோழிக்குப் பக்கத்தில் குஞ்சுகள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, “எத்தனை குஞ்சு பொரிச்சிருக்கு உங்க வீட்ல?” என்று கேட்டான். “ஒம்போது. ஒண்ண பருந்து தூக்கிடுச்சு” என்றாள். நான் மேசையில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். மூன்று மாதம் நான் கேட்டும் வராத குரல், ஒரு பையன் அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டதும் வந்துவிட்டது. அதுவரை அவளுக்குத் தெரியாததை மட்டுமே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முறையிலும் குறை உண்டு. பல இடங்களில் அட்டையை எண்ணி முடிக்கிற வேலையாக அது தேய்ந்தது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

நீங்கள் நாற்காலியில் உட்காருகிறீர்களா, தரையிலா? தரைக்கு வாருங்கள். வரிசை வேண்டாம், வட்டமாக உட்கார வையுங்கள். சின்னதையும் பெரியதையும் கலந்து விடுங்கள். முதல் பத்து நிமிடம், பிள்ளைகளுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத விஷயத்தை மட்டும் கேளுங்கள். மண்புழுப் பையனிலிருந்து தொடங்குங்கள்.

---

முதல் பட்டதாரி | ஞாயிறு, காலை 7:15

சாக்பீஸ் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் நான் வேறு பக்கம் நிற்கிறேன்.

“நம் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், வாய்ப்புத்தான் இல்லை” என்று சொல்லிச் சொல்லியே நம்மை விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. அப்பா மூட்டை தூக்கினார். கல்லூரி மூன்றாம் ஆண்டு வரை பெரிய ஆள் ஒருவரின் கண்ணைப் பார்த்துப் பேச எனக்குத் தெரியாது. வேலைக்குக் குழு விவாதத்தில் உட்கார வைத்தார்கள். எட்டுப் பேர். ஒருவர் பேசும்போது நடுவில் எப்படி நுழைவது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் யார் சத்தம் பெரிதோ அவர் பேச்சு, இல்லாவிட்டால் மௌனம், இரண்டுதான் உண்டு. “நீங்க சொன்னதோட இன்னொண்ணு சேர்க்கலாமா?” என்று ஒரு வழி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் அதைச் சொன்னாள். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைக் கற்றிருப்பாள்.

நான்கு முறை இதே கட்டத்தில் வெளியேற்றப்பட்டேன். ஐந்தாவது முறைக்கு முன் ஒரு சீனியர் அண்ணன் என்னை உட்காரவைத்து வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தார். எப்படி ஆரம்பிப்பது, எப்படி மறுப்பது, புரியாவிட்டால் எப்படிக் கேட்பது என்று. எழுதி வைத்து, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

அதனால் அக்கா, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். நூலகத்தில் நுழைந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாராவது ஒருமுறையாவது சொல்லியிருக்கிறார்களா? மற்ற பிள்ளைகள் அம்மா அப்பாவோடு பத்து முறை போய்ப் பார்த்துக் கற்றிருப்பார்கள். இவன் முதல் முறை, தனியாக. அது பயம்கூட இல்லை, அவனுக்கு அந்த வசனம் தெரியாது.

---

காக்கிச் சட்டை | ஞாயிறு, காலை 11:30

ஆட்டோ ஓட்டுகிறேன். ஷேர் ஆட்டோ கதையைப் படித்ததும் அந்தப் பையன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

என் மகன் தனியார் பள்ளியில் படிக்கிறான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஇ), தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் இல்லையா, அதில் கிடைத்த இடம். எல்கேஜி-யில் சேர்த்த அன்று எங்கள் தெருவே இனிப்பு சாப்பிட்டது.

முதல் வகுப்பில் ஒரு பையன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான். அழைப்பு அட்டையைப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தான். நானும் அவன் அம்மாவும் என்ன பரிசு வாங்குவது என்று யோசித்து 150 ரூபாயில் ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கினோம். அன்றைக்குச் சாயங்காலம் சட்டை போட்டுத் தலை சீவிக் கிளம்பும்போது, “வயிறு வலிக்குதுப்பா” என்று படுத்துவிட்டான். ராத்திரி அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: “அங்க போனா எங்க உக்காரணும்னு தெரியாதும்மா.”

ஆறு வயசு. எங்கே உட்காருவது என்று ஒரு பிள்ளை ஏன் யோசிக்க வேண்டும்? பிறகு விசாரித்தால், வகுப்பில் ஒரு நாள் ஃபீஸ் விஷயமாகப் பெயர் வாசித்தபோது, “இவங்க எல்லாம் ஆர்டிஇ” என்று தனியாக நிற்க வைத்திருக்கிறார்கள். யார், எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். அதற்கப்புறம்தான் இந்த வயிற்றுவலி எல்லாம்.

முதல் பட்டதாரி தம்பி சொல்கிற மாதிரி வாக்கியம் சொல்லிக்கொடுக்கலாம். நானும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் தனியாக நிற்க வைத்த இடத்தில் எந்த வாக்கியமும் வாயில் வராது தம்பி.

---

முதல் பட்டதாரி | ஞாயிறு, மதியம் 12:05

அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. மனசு வலிக்கிறது. மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

---

காக்கிச் சட்டை | ஞாயிறு, மதியம் 12:40

நன்றாக இருக்கிறான் தம்பி. இரண்டாம் வகுப்பில் வந்த டீச்சர் அவனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பில் போட்டார். கூட இன்னொரு பையன், அதே பிறந்தநாள்காரன். ஒரு வாளியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனால் பேசித்தானே ஆக வேண்டும்? இப்போது அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிறான்.

---

நேர்வழி | ஞாயிறு, மதியம் 3:10

எல்லாம் சரி, வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் பேசவில்லையே. அப்பன் குடிக்கிறான், அம்மா போனைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். பெற்றோரைத் திருத்தாமல் பிள்ளையை எப்படித் திருத்துவது?

---

ஏழாவது மாடி | ஞாயிறு, மாலை 6:50

நேர்வழி சார், குடி இருக்கிறது, மறுக்கவில்லை. அடிதடிக்கு அது பெரிய காரணம் என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி வீட்டில் பார்த்ததைத்தான் சாயங்காலம் என் முன்னால் செய்து காட்டுகிறார்கள்.

ஆனால் போனைக் கொடுத்துவிட்டுப் போகிற அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூவம் கரையில் இருந்தபோது அவளுக்கு வீட்டு வேலை நடந்து போகிற தூரம். ஒன்பதுக்குப் போய் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். இங்கே வந்தபின் வீட்டு வேலை அதேதான், ஆனால் காலை ஐந்தரை பஸ். திரும்பும்போது இருட்டிவிடும். அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆயாக்கள் யார் பிள்ளையாக இருந்தாலும், “டேய், அவன அடிக்காத, வா இங்க” என்று கூப்பிட்டு நியாயம் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள்தான் பஞ்சாயத்து. இங்கே குலுக்கலில் வீடு விழுந்தது. ஒரே சந்தில் இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்கில், வேறு வேறு மாடியில். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிய எனக்கே ஒரு வருஷம் ஆனது. கல்வியாண்டின் நடுவில் வந்ததால் சில பிள்ளைகளுக்கு அந்த வருஷம் பள்ளியும் போனது.

பழகக் கற்றுக்கொடுக்கிற ஆட்கள் சுற்றி இருந்தார்கள் சார். அவர்களை எல்லாம் பிரித்து அடுக்கிவிட்டு, பிள்ளைக்குப் பழகத் தெரியவில்லை என்றால் எப்படி?

விளையாட இடம் இருக்கிற பகுதிகளில் பிள்ளைகள் வேறு மாதிரி இருக்கிறார்கள், அதையும் பார்க்கிறேன். கண்ணகி நகரும் எங்களைப் போல இடம் பெயர்ந்து வந்தவர்களின் இடம்தான். அங்கே பெண் பிள்ளைகள் பல வருஷமாகக் கபடி ஆடுகிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அந்த ஊர்ப் பெண் கார்த்திகா இருந்தார். அன்றைக்கு எங்கள் பிளாக் பெண் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஏரியா பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

---

மனம் படிப்பவள் | ஞாயிறு, இரவு 9:35

உளவியலில் ஆராய்ச்சி மாணவி நான். அக்காவின் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிற ஒரு சோதனையைச் சொல்கிறேன். பாடம் மாதிரி இருந்தால் மன்னியுங்கள்.

மார்ஷ்மெல்லோ சோதனை பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் தொடங்கியது. பிள்ளை முன்னால் மெத்தென்ற மிட்டாய் ஒன்றை வைத்து, “நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருகிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்ற முடிவு உலகம் முழுக்கப் பரவியது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, அதைப் பழக்க வேண்டும் என்ற பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டது. 2018-ல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. 28 பிள்ளைகள்தான். மிட்டாய்க்கு முன்னால் ஒரு வேலை செய்தார்கள். படம் வரைய உட்காரவைத்து, “இந்தப் பழைய கிரேயான் இருக்கட்டும், கொஞ்சம் பொறு, நல்லது கொண்டுவருகிறேன்” என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, “இல்லையாம், மன்னிச்சுக்கோ” என்றார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் பதினைந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒருவர். சராசரியில் பார்த்தால் 12 நிமிடம், 3 நிமிடம்.

கொஞ்ச நேர ஏமாற்றமே இவ்வளவு செய்கிறது. “நாளைக்கு வாங்கித் தரேன்” என்பது நடக்காமலே வளர்கிற பிள்ளைக்கு, கையில் இருக்கும் பென்சிலை யாரோ எடுக்க வந்தால் உடனே பாய்ந்து பிடுங்குவதுதான் புத்திசாலித்தனம். பென்சில் திரும்பி வரும் என்று அவன் ஏன் நம்ப வேண்டும்?

பெற்றோரைத் திருத்துவது பற்றி நேர்வழி சார் கேட்டதற்கும் ஒன்று. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87-ல், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 ஏழைக் குழந்தைகளைச் சேர்த்தார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு இரண்டு வருஷம் வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், அம்மாவோடும் குழந்தையோடும் ஒரு மணி நேரம் விளையாடினார். வீட்டில் கிடக்கும் பொருட்களில் செய்த பொம்மைகள்தான். அம்மாவுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை, கூட உட்கார்ந்து விளையாடினார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம்.

---

பால்வாடி டீச்சர் | திங்கள், மதியம் 2:25

பிள்ளைகள் தூங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் எழுத நேரம். 2 வயதிலிருந்து 5 வயது வரை என்னிடம் வருவார்கள். ஊரில் எல்லோருக்கும் நாங்கள் பால்வாடிதான், போர்டில் மட்டும் அங்கன்வாடி.

கிரேயான் கதையைப் படித்ததும் என்னிடம் இருக்கும் ஒரு மூன்று வயதுப் பையன் ஞாபகம் வந்தான். வந்த புதிதில் கடிப்பான். ஒரு பொம்மைக்காக ஒரு பெண் பிள்ளையின் தோளில் பல் பதிந்து, அவள் அம்மா என்னோடு சண்டைக்கு வந்தார். அவனை அதட்டிப் பார்த்தேன், மூலையில் உட்காரவைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கவனித்தேன். தட்டு வைத்ததும் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொள்வான். பக்கத்துப் பிள்ளைக்குப் பரிமாறும்போது அவன் கண் கரண்டியிலேயே இருக்கும். தன் முறை வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் மூன்று அண்ணன்மார், பின்தங்கினால் கிடைக்காது. மறுநாளிலிருந்து பரிமாறும்போது பெயர் சொல்லிக்கொண்டே போனேன். “இது மலருக்கு, அடுத்து கதிருக்கு, அதுக்கு அடுத்து உனக்கு.” தினமும் அதே வரிசை, ஒரு நாளும் மாற்றவில்லை. முட்டை நாளில் முதலிலேயே எண்ணிக் காட்டுவேன், எல்லோருக்கும் இருக்கிறது பார் என்று. கூடவே ஒரு சொல் கொடுத்தேன்: “எனக்கும்.” கடிக்க வாயைத் திறந்தால், “எனக்கும்னு சொல்லு” என்பேன். மூன்று வாரம் ஆனது. இப்போது “எனக்கும் எனக்கும்” என்று நாள் முழுக்கக் கத்துகிறான், ஆனால் கடிப்பதில்லை.

(மேலே சொன்ன பெயர்கள் நிஜப் பெயர்கள் இல்லை.)

ஏழாவது மாடி அக்கா, உங்கள் பிள்ளைகள் பெரியவர்கள். ஆனாலும் பென்சில் சண்டைக்கு இதைச் செய்து பாருங்கள். எல்லோருக்கும் போதுமான பென்சிலை முதலிலேயே எண்ணி நடுவில் வையுங்கள், போகும்போது எண்ணி எடுத்து வையுங்கள். எண்ணுகிற வேலையை அதிகம் சண்டை போடுகிறவனுக்கே கொடுங்கள். எடை போடுவது, பதிவேடு, சத்துமாவு என்று எனக்கு வேலை கழுத்து வரை இருக்கிறது. ஆனாலும் அந்தச் சாப்பாட்டு அரை மணியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

---

சாக்பீஸ் | திங்கள், மதியம் 3:00

டீச்சர், முப்பது வருஷம் வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. தட்டை மூடும் கையை நானும் பார்த்திருக்கிறேன்.

---

லயத்துப் பேரன் | திங்கள், இரவு 8:15

இலங்கையில் ஹட்டன் பக்கத்துக்காரன் நான், இப்போது கொழும்பில் வேலை. உங்கள் நூலகப் பையன் எனக்கு மிகவும் தெரிந்தவன்.

என் அம்மாச்சி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பிள்ளைகளைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போவார். தொரை (தோட்டத்து மேலதிகாரி) வருகிற பாதையில் பிள்ளைகள் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நிற்க வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும், கேட்டதற்கு மட்டும் பேச வேண்டும். இதை அம்மாச்சி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார், அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்பாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வாய் திறந்தவனின் வீட்டுக்கு என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அவர்கள்.

அதனால் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆளிடம் பேசாமல் நிற்பதை “பழகத் தெரியாமை” என்று நான் சொல்லமாட்டேன். தலைமுறையாக அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். கூவம் கரையிலும் யாராவது அந்தப் பையனுக்குச் சொல்லியிருப்பார்கள், ஆபீஸ்காரர்களிடம் வாயைத் திறக்காதே என்று. எனக்கு அதை மறக்க 30 வயதானது. இன்றைக்கும் வங்கியில் மேலாளர் அறைக்குள் போகும்போது கை தானாகப் பின்னால் கட்டிக்கொள்கிறது.

---

குமரிக்காரன் | திங்கள், இரவு 10:20

எங்கள் பக்கம் குழந்தைகள் பாராளுமன்றம் என்று ஒன்று உண்டு. அருட்தந்தை எட்வின் ஜான் தொடங்கி வைத்தது. ஏறத்தாழ 30 வீட்டுக்கு ஒன்று. பிரதமர், நலவாழ்வு அமைச்சர், சுற்றுச்சூழல் அமைச்சர் எல்லாம் பிள்ளைகள்தான். நான் பதினொரு வயதில் தண்ணீர் அமைச்சர்!

என்ன செய்தேன்? தெருக்குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் பேசி, கடிதம் எழுதி, நான்கு பேர் பஞ்சாயத்து அலுவலகம் போனோம். முதல் முறை, “பெரியவங்கள வரச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து மறுபடி கூட்டம் போட்டு, அடுத்த வாரமும் போனோம். மூன்றாவது முறை ஒருவர் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். குழாய் சரியானதைவிட அந்த நாற்காலிதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கூட்டத்தில் வட்டமாக உட்காருவோம். ஒரு சுற்று எல்லோரும் பேசி முடிக்காமல் யாரும் இரண்டாவது தடவை பேசக்கூடாது. எங்கள் வாயாடிகளுக்கு அது பெரிய கஷ்டம், ஊமைகளுக்கு அதைவிடக் கஷ்டம். முதல் பட்டதாரி சொன்ன அந்தக் குழு விவாதத்தை நான் பயமில்லாமல் தாண்டியதற்கு இதுதான் காரணம். ஒரே விஷயம்: நாலு பேராகப் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.

---

ஆறாம் வகுப்பு பி | செவ்வாய், காலை 6:40

அரசுப் பள்ளி ஆசிரியை. சுருக்கமாகச் சொல்கிறேன், பள்ளிக்கு நேரமாகிறது. 2024 முதல் எங்கள் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு முறை இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு, எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து. நடத்துகிற ஆசிரியரைப் பொறுத்துத்தான் பலன். நான் செய்தது ஒன்றே ஒன்று: தலைவர் பதவியை நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே கொடுப்பதை நிறுத்தினேன். தம்பி தங்கையைத் தினமும் கைப்பிடித்துக் கூட்டி வருகிற பிள்ளை யார் என்று வாசலில் நின்று பார்த்தேன். அவர்களுக்குக் கொடுத்தேன். இருபது பேரை வரிசையாகச் சாப்பிடக் கூட்டிப்போக அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

---

ஏழாவது மாடி | மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. எழுதத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

தரைக்கு வந்துவிட்டேன், வட்டமாகத்தான் உட்காருகிறோம். பென்சில் எண்ணும் வேலையை அதிகம் அடிக்கிற பையனிடம் கொடுத்தேன். முதல் நாள் 14 கொடுத்து 11 வந்தது. மறுநாள் வீடு வீடாகப் போய் மூன்றையும் வாங்கி வந்தான். சண்டை நிற்கவில்லை, பென்சிலுக்காக மட்டும் நின்றிருக்கிறது. ஒரு பிள்ளை ராத்திரி வீட்டில் நடப்பதைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறாள். அது என் கையை மீறிய விஷயம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசியிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை.

முதல் பட்டதாரி தம்பி சொன்ன மாதிரி வசனம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நூலக விளையாட்டு ஒன்று ஆடினோம். ஒரு பெட்டிதான் மேசை, கண்ணாடி இல்லாத பழைய ஃபிரேம் ஒன்று. மண்புழுப் பையன்தான் முதலில் நூலகர். ஃபிரேமை மாட்டினானோ இல்லையோ, வந்தவர்களை எல்லாம் விரட்ட ஆரம்பித்துவிட்டான். “கை காட்டு. அழுக்கு. வெளிய போ.” “உனக்குப் படிக்கத் தெரியுமா? எங்க படி பாப்போம்.” “எந்த ஏரியா நீ?” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அந்த மேசைக்குப் பின்னால் அவன் யாரைப் பார்த்து ஓடினான் என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே இருந்த மனிதரை அவன் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் நான் தனியாகப் போய் நூலகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நான் என்ன செய்யணும்?” என்றார். நாற்காலிக் கதையைச் சொன்னேன்.

இந்தச் சனிக்கிழமை நான்கு பேராக உள்ளே அனுப்பினேன், நான் வாசலில் நின்றுகொண்டேன். அவர் எழுந்து மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையனுக்கும் அவருக்கும் கண் ஒரே உயரம். பையன் கை பின்னால் கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அவன் முழங்கையை இடித்தாள்.

“சார், மண்புழு பத்தி புக் இருக்கா?”

அவர் தேடிப் பார்த்தார். இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “இங்க இல்லப்பா. வேற கிளைல கேட்டு வாங்கி வைக்கிறேன், செவ்வாய்க்கிழமை வா” என்றார்.

பையன் நகரவில்லை. ஷேர் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டானே, அதே குரலில் கேட்டான்: “எந்தச் செவ்வா சார்? எத்தன மணிக்கு?”

அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் நாளைய தேதியை வட்டமிட்டு, மாலை 5 என்று எழுதி, பக்கத்தில் ‘மண்புழு’ என்று அவன் பார்க்கும்படி எழுதினார். எழுத்துப் பிழை இல்லையா என்று பையன் கிட்டே போய்ப் படித்தான். இன்றைக்குச் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மூன்று முறை கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.